தட்டில் வந்த கொப்பிகள்

உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு அல்ஜாஹிழ் என்ற பெயர் புதிதல்ல. அப்பாஸியர் கால இலக்கியம் என்ற தலைப்பின் கீழ் ஓரிரு வரிகளில் அவர் வந்து போவார். பெயர், ஊர், நூல்கள் இரண்டு. நானும் அந்த வரிகளுக்கு மஞ்சள் நிறத்தில் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவள்தான்.

பிறகு ஒரு நாள், மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, எங்கள் அரபு டீச்சர் அவருடைய தாயாரைப் பற்றிய கதை ஒன்றைச் சொன்னார். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதன் பின் எத்தனையோ இடைவேளைகளில் டீச்சரின் மேசைக்கு அருகில் நின்று கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருடைய இயற்பெயர் அபூ உஸ்மான் அம்ர் பின் பஹ்ர். ஈராக்கின் பஸ்ரா நகரில், ஏறக்குறைய ஹிஜ்ரி 160இல், அதாவது கி.பி. 776 அளவில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பாட்டனார் ஒட்டகம் ஓட்டிய ஒரு கறுப்பின மனிதர் என்பர். சைஹான் என்ற கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்றவராக இவரைக் கண்டவர்கள் உண்டு. கண்கள் இரண்டும் வெளியே பிதுங்கி நின்றதால் ஊரார் வைத்த பட்டப்பெயர்தான் அல்ஜாஹிழ். ஒருவருடைய உடற்குறையைச் சொல்லிப் பெயர் வைக்கக்கூடாது என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் இவர் விடயத்தில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேலாக அரபு மொழி அறிந்தவர்கள் அதை மரியாதையோடுதான் உச்சரிக்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பஸ்ரா, மீன் விற்கும் பையனுக்கும் கல்வி கிடைக்கக்கூடிய ஊராக இருந்தது. பள்ளிவாசலில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து அறிஞர்கள் பாடம் நடத்துவார்கள். எந்த வட்டத்திலும் போய் உட்காரலாம். மொழியில் பெரும் புலமை பெற்ற அல்அஸ்மஈ, அபூ உபைதா போன்றவர்களிடம் இவர் பாடம் கேட்டார். ஊரின் ஓரத்தில் மிர்பத் என்றொரு சந்தை இருந்தது. பாலைவனத்து அரபிகள் ஒட்டகங்களோடு அங்கே வருவார்கள். கவிதை சொல்வார்கள், சண்டை பிடிப்பார்கள், பேரம் பேசுவார்கள். அவர்களுடைய வாயிலிருந்து சுத்தமான அரபு மொழியைக் கற்றுக்கொள்ள அவர் அங்கேயும் போய் நின்றார். பிற்காலத்தில் அவருடைய எழுத்தில் அரசரும் பிச்சைக்காரரும் திருடரும் தத்துவ ஞானியும் அவரவர் குரலிலேயே பேசுகிறார்கள். அது இந்தச் சந்தையிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி அந்தக் கதை. இளவயதில் அவருக்கு வாசிப்பும் குறிப்பெடுப்பும்தான் வேலை. வீட்டுச் செலவைத் தாயார்தான் பார்த்து வந்தார். ஒரு நாள் மகன் பசியோடு வந்து சாப்பாடு கேட்டார். தாயார் தட்டு ஒன்றைக் கொண்டு வந்து முன்னால் வைத்தார். அதில் சோறும் இல்லை, ரொட்டியும் இல்லை. அவர் எழுதி வைத்திருந்த கொப்பிகள் இருந்தன. இது என்ன என்று கேட்டதற்கு, நீ வீட்டுக்குக் கொண்டு வருவது இதைத்தானே என்ற கருத்தில் பதில் வந்தது. மனம் உடைந்து பள்ளிவாசலில் போய் உட்கார்ந்தார். வசதியான நண்பர் ஒருவர் அவருடைய முகத்தைப் பார்த்து விசாரித்து, வீட்டுக்கு அழைத்துப் போய் 50 தீனார் கொடுத்தார். அவர் நேரே சந்தைக்குப் போனார். மாவும் மற்றச் சாமான்களும் வாங்கி, கூலியாட்கள் சுமந்து வர வீட்டுக்குத் திரும்பினார். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தாயார் கேட்டபோது, நீங்கள் தட்டில் வைத்துத் தந்த கொப்பிகளிலிருந்துதான் என்றாராம்.

என் உம்மா தட்டில் வைக்கவில்லை. தரம் ஆறிலிருந்து நான் எழுதிய பதினொரு கொப்பிகளையும் அட்டைப்பெட்டி ஒன்றில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். அதற்கு முன்பு ஒரு இரவு, பெருநாள் தையல் குவிந்து கிடந்த நேரத்தில், தையல் மெஷினில் இருந்து தலையை நிமிர்த்தாமலே, இந்தக் கொப்பிகள் அடுப்பில் சோறு ஆக்குமா மகள் என்று கேட்டிருந்தார். கோபத்தில் கேட்கவில்லை, களைப்பில் கேட்டார். களைப்பில் கேட்டதால்தான் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அல்ஜாஹிழுடைய வாசிப்பைப் பற்றி அவர் காலத்தவர் சொன்ன செய்தி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கையில் கிடைத்த எந்த நூலையும் முடிக்காமல் கீழே வைக்க மாட்டாராம். அப்போது நூல்களைக் கையால் பிரதி செய்து விற்கும் கடைகள் இருந்தன. நூல்களை எல்லாம் வாங்க இவரிடம் பணம் இல்லை. ஆகவே கடையையே வாடகைக்கு எடுத்து, இரவு முழுக்க உள்ளே இருந்து வாசித்திருக்கிறார். சமர்கந்து வழியாகக் கடதாசி செய்யும் கலை வந்து, பக்தாதில் கடதாசி ஆலை தொடங்கியது அவர் இளைஞராக இருந்த காலத்தில்தான். தோலிலும் பாப்பிரஸ் தாளிலும் எழுதிய காலம் மாறி, நூல்கள் மலிந்து வரும் ஒரு காலத்தில் அவர் வளர்ந்தார்.

எழுதத் தொடங்கியதும் பொறாமையும் வந்தது. நல்ல நூல் ஒன்றைக் கவனமாக எழுதித் தன் பெயரில் வெளியிட்டால், அறிஞர்கள் சிலர் ஒன்றுகூடிக் குறை சொல்வார்கள். அதைவிடத் தரம் குறைந்த ஒன்றை எழுதி, காலமாகிவிட்ட இப்னுல் முகஃப்பஃ போன்ற ஒருவரின் பெயரில் விட்டால், அதே ஆட்கள் தேடி வந்து பிரதி எடுத்துக்கொண்டு போவார்கள். இதை அவரே பின்னாளில் ஒரு சிறு நூலில் எழுதி வைத்திருக்கிறார். கசப்போடு எழுதவில்லை. ஒரு விளையாட்டைச் சொல்வது போலச் சொல்கிறார்.

எனக்கு நடந்தது இதன் மறுபக்கம். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கவிதைப் போட்டிக்கு நான் எழுதி அனுப்பியதை, இது பிள்ளை எழுதியதாக இருக்க முடியாது, பெரியவர் யாரோ எழுதிக் கொடுத்தது என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். தோற்றிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். இது அப்படி இல்லை. அந்தக் கவிதையை எழுதிய இரவில் எனக்கு இருந்த சந்தோசத்தையே யாரோ பொய் என்று சொல்லிவிட்டது போல இருந்தது. ஒரு வருடமாகப் பேனையை எடுத்தது பாடக் குறிப்பு எழுத மட்டும்தான். கொப்பிகள் பெட்டிக்குள் போனதும் அப்போதுதான். நான் தடுக்கவில்லை.

அல்ஜாஹிழ் நிறுத்தவில்லை. கலீபா மஃமூன் அவருடைய ஆட்சித்தலைமை பற்றிய எழுத்துக்களை வாசித்துப் பாராட்டிய பிறகு பக்தாதின் கதவுகள் திறந்தன. அரச கடிதங்களை எழுதும் திணைக்களத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. இன்று ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு உத்தியோகம் கிடைத்தால் வீட்டில் பிரியாணி ஆக்கி அயலுக்கெல்லாம் கொடுப்பார்கள். அவர் மூன்றே நாளில் விட்டுவிட்டு வந்துவிட்டார். பிறகு கலீபா முதவக்கில் தன் பிள்ளைகளுக்கு ஆசிரியராக்க அவரை அழைப்பித்தார். முகத்தைக் கண்டதும் மனம் மாறி, 10,000 திர்ஹம் கொடுத்து அனுப்பிவிட்டார். இந்த அவமானத்தையும் அல்ஜாஹிழ் தானே சொல்லிச் சிரித்திருக்கிறார். இன்னொரு கதையும் அவர் சொன்னதாக வருகிறது. ஒரு பெண் அவரைத் தெருவிலிருந்து ஒரு பொற்கொல்லரின் கடைக்கு அழைத்துப் போய், இதைப் போல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோதிரத்தில் ஷைத்தானின் உருவத்தைச் செதுக்கித் தரும்படி அந்தப் பெண் கேட்டாள், நான் ஷைத்தானைக் கண்டதில்லையே என்றேன், அதுதான் உங்களைக் கூட்டி வந்தாள் என்று பொற்கொல்லர் விளக்கினாராம்.

அவருடைய மிகப் பெரிய நூல் கிதாபுல் ஹயவான். விலங்குகளைப் பற்றி ஏழு பாகங்கள். பெயரைக் கேட்டு அதை விலங்கியல் பாடநூல் என்று நினைத்துவிடக் கூடாது. நாய் உயர்ந்ததா சேவல் உயர்ந்ததா என்ற வழக்கு முதல் பாகங்களில் முடிவில்லாமல் நீளும். இடையில் கவிதை வரும், ஹதீஸ் வரும், அரிஸ்டோட்டில் சொன்னது சரியா என்ற விசாரணை வரும். எறும்பு, சிலந்தி, நுளம்பு என்று சின்ன உயிர்களில்தான் அவருக்கு ஆசை அதிகம். படைத்தவனின் வல்லமையைக் காண யானை தேவையில்லை, நுளம்பின் சிறகு போதும் என்பது அவர் எண்ணம். வாசிப்பவருக்குச் சலிப்பு வரக்கூடாது என்பதற்காகவே விடயம் விட்டு விடயம் தாவுவதாகவும், கனமான பேச்சுக்கு நடுவில் பகிடி சேர்ப்பதாகவும் அவரே சொல்லிவிடுகிறார். எழுதுபவருக்கும் சலிப்பு வரவில்லை என்பது வாசித்தால் தெரியும்.

அந்த நூலில் வரும் பஸ்ராவின் காழி ஒருவரின் கதையை எங்கள் வகுப்பில் எல்லோரும் இப்போது சொல்வார்கள். அப்துல்லாஹ் பின் ஸவ்வார் என்ற அந்தக் காழி மிகவும் கம்பீரமானவர். சுபஹ் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் ளுஹர் வரை கை, கால், தலை எதையும் அசைக்க மாட்டார். நட்டு வைத்த கல் மாதிரி இருப்பார். ஒரு நாள் ஒரு ஈ அவர் மூக்கில் வந்து உட்கார்ந்தது. பொறுத்துக்கொண்டார். ஈ கண்ணின் ஓரத்துக்குப் போனது. இமையை மூடித் திறந்தார். அது மேலும் உள்ளே போய்க் கடித்தது. சபை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் கையால் விரட்டினார். மீண்டும் வந்தது, சட்டைக் கையால் விரட்டினார். பிறகு பாவமன்னிப்புத் தேடி, தன்னுடைய பலவீனத்தை அல்லாஹ் தனக்கு ஒரு ஈயைக் கொண்டு காட்டிவிட்டதாகச் சொல்லி, ஈயைப் பற்றிய இறைவசனத்தை ஓதினார்.

கறுப்பு நிறத்தவரின் பெருமைகளைப் பற்றி அவர் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதில் கீழைக் கடல் தீவுகளின் பெயர்கள் வரும் இடத்தில் ஸரன்தீபும் இருக்கிறது. நம்முடைய தீவு! டீச்சர் அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த வாழ்க்கை எப்போதும் சிரிப்பாகவே போகவில்லை. விலங்கு நூலை அவர் வஸீர் இப்னு ஸய்யாத்துக்குச் சமர்ப்பித்து 5,000 தீனார் பெற்றார். 847ஆம் ஆண்டு அந்த வஸீர் வீழ்ந்தார். பிறரை வதைக்கத் தான் செய்வித்த அடுப்பிலேயே அவர் வதைக்கப்பட்டு இறந்தார். அவருக்கு வேண்டியவர் என்பதால் அல்ஜாஹிழ் ஓடி ஒளிந்தார். ஏன் ஓடினாய் என்று கேட்டவருக்கு, அடுப்பில் இரண்டாவது ஆளாக இருக்கப் பயந்தேன் என்றாராம். பிறகு பிடிபட்டு, கழுத்தில் சங்கிலியோடு எதிரணியைச் சேர்ந்த தலைமைக் காழி இப்னு அபீ துஆத் முன்னால் நிறுத்தப்பட்டார். காழி மன்னித்தார், குளிக்க வைத்தார், புதிய உடை கொடுத்தார். பேச்சுக்கலை பற்றிய அல்பயான் வத்தப்யீன் என்ற நூல் அந்தக் காழிக்குத்தான் சமர்ப்பணமானது. அதற்கும் 5,000 தீனார்.

நோய் முன்பே தொடங்கிவிட்டது. விலங்கு நூலை எழுதும்போதே கடும் நோயும், உதவிக்கு ஆள் இல்லாமையும் தன்னைத் தடுப்பதாக அதிலேயே குறிப்பிடுகிறார். வயது எழுபதை நெருங்கிய காலம் அது. பின்னர் உடம்பின் ஒரு பக்கம் முற்றாக விழுந்துவிட்டது. கடைசிக் காலத்தில் பார்க்கப் போன அல்முபர்ரத் என்ற அறிஞரிடம், தன் உடம்பின் ஒரு பாதியை வாளால் அறுத்தாலும் தெரியாது, மறு பாதிக்குப் பக்கத்தில் ஈ பறந்தாலும் வலிக்கிறது என்று சொன்னார். காழியின் மூக்கில் அவர் உட்கார வைத்த அதே ஈதான் இங்கேயும் வருகிறது. இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

உலோபிகளைப் பற்றிய கிதாபுல் புஹலா என்ற நகைச்சுவை நூலை அவர் முதுமையில்தான் எழுதினார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நடக்க முடியாத ஒரு கிழவர், கஞ்சர்களின் தந்திரங்களை ஒன்று விடாமல் ஞாபகப்படுத்தி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் எழுதியவை இருநூறு அளவில் இருக்கும் என்பர். பெரும்பகுதி இன்று இல்லை.

868ஆம் ஆண்டின் முடிவிலோ 869இன் தொடக்கத்திலோ, தொண்ணூறு வயதைத் தாண்டி, பிறந்த பஸ்ராவிலேயே அவர் காலமானார். அடுக்கி வைத்திருந்த நூல்கள் சரிந்து விழுந்து இறந்தார் என்பது பிற்காலத்தவர் சொன்ன கதை. கதை அழகாக இருப்பதனாலேயே எனக்கு அதில் சந்தேகம்.

போன றமழானில் ஒரு இரவு, உம்மா தைத்துக்கொண்டிருந்தபோது, அந்த உலோபிகளின் கதை ஒன்றை நான் சொன்னேன். குராஸானில் சிலர் ஒரே வீட்டில் தங்கினார்கள். பல நாள் இருட்டில் இருந்துவிட்டு, கடைசியில் விளக்குக்குக் காசு சேர்த்தார்கள். ஒருவர் மட்டும் தன் பங்கைக் கொடுக்கவில்லை. விளக்கு ஏற்றியதும் மற்றவர்கள் அவருடைய கண்ணைத் துணியால் கட்டிவிட்டார்கள். தூங்கப் போகும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் கட்டை அவிழ்த்தார்கள்.

உம்மா மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் இருந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் தேங்காய்ச் சிரட்டையை எண்ணி வைத்த கதை, விருந்தாளி வரும் நேரம் பார்த்து நோன்பு பிடித்த கதை. ஸஹருக்கு எழும்பும் நேரமாகிவிட்டது. நான் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கி, பன்னிரண்டாவது கொப்பியாக ஒன்றைத் தொடங்கினேன். நான்கு பக்கம் வந்தது. அடுத்த நாள் உம்மா அதை வாங்கி வாசித்துவிட்டு, சிரட்டைக் கணக்கு பிழை, திருத்து என்றார்.

அதைத்தான் இந்த மலருக்குக் கொடுக்க நினைத்தேன். அந்த மனிதரின் பேத்தி நம் கல்லூரியில்தான் படிக்கிறார் என்று உம்மா தடுத்துவிட்டார்.