நெடுந்தொலை ஓட்டவீரர் டாம் லாங்போட்

ஓடிப் பிழைக்கும் தொழில் ஒன்று உண்டு என்பது நம்மில் பலர்க்கு வியப்பாக இருக்கலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அத்தொழில் பெருஞ்சிறப்புற்று விளங்கிற்று. அதில் உலக முதன்மை எய்தியவர் கனடா நாட்டுப் பழங்குடி மகனாகிய டாம் லாங்போட். கல்விப் பணிக்கென வெளிவரும் மலரில் ஓட்டவீரர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். ஒருவனுடைய உழைப்பும் ஓய்வும் யாருக்கு உரியவை என்னும் வினாவே அவர் வாழ்வு முழுவதும் இழையோடக் காண்கிறோம். அவ்வினா நமக்குப் புதியதன்று.

ஒண்டாரியோ மாநிலத்தில் பிரான்ட்ஃபோர்டு நகரையடுத்துக் கிராண்டு ஆற்றங்கரையில் ஆறு பழங்குடி இனத்தார்க்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியே அவர் பிறந்த மண். ஒனொண்டாகா என்பது அவர்தம் இனம். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தை வறுமை வாட்டியது. 12 வயதளவில் மோகாக் உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே தாய்மொழி பேசுதல் குற்றம். முன்னோர் சமயத்தைப் பேணுதலும் குற்றம். தப்பியோடிய சிறுவனைப் பிடித்து வந்தனர். அவர் மீண்டும் தப்பி, உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். புகழ்பெற்ற பின்னர் அப்பள்ளியில் உரையாற்ற அழைத்தபோதும் மறுத்துவிட்டார். கல்வியை வெறுத்தவர் என்று அவரைக் கூறுதல் பொருந்தாது. தம் மக்களை இழிந்தோர் எனக் கற்பித்த இடத்தையே அவர் வெறுத்தார்.

பண்ணை வேலை செய்துகொண்டே ஓடிப் பழகிய அவர், 1906-இல் ஹாமில்டன் நகரின் புகழ்பெற்ற வளைகுடாச் சுற்று ஓட்டத்தில் முதல்வராக வந்தார். மறுஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் பாஸ்டன் மாரத்தான் போட்டியில் கலந்துகொண்டார். அந்நாளில் அப்போட்டியின் தொலைவு ஏறத்தாழ 39 கிலோமீட்டர்; கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு ஓடுவது போன்றது எனலாம். கடுங்குளிரில் அதனை 2 மணி 24 நிமிடம் 24 விநாடியில் ஓடி முடித்து, முந்தைய சாதனையை ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் விஞ்சினார். டொராண்டோ மாநகரம் அவரை விழாவெடுத்து வரவேற்றது. அவர் கல்விக்கென 500 டாலர் வழங்குவதாக மாநகர மன்றம் வாக்களித்தது.

1908-இல் இலண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் அவர் பாதிவழி கடந்தபின் சோர்ந்து வீழ்ந்தார். ஆயினும் மனம் தளரவில்லை. தொழில்முறை ஓட்டத்தில் புகுந்து, அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கினுள் இத்தாலிய வீரர் டொராண்டோ பியெத்ரியை எதிர்கொண்டார். கூரையின்கீழ் அமைந்த சிறு வட்டப்பாதையை 260 முறைக்கு மேல் சுற்றிவர வேண்டிய போட்டி அது. இறுதி மைலில் பியெத்ரி வீழ்ந்தார், லாங்போட் வென்றார். 1909 பிப்ரவரியில் அதே அரங்கில் ஆங்கிலேய வீரர் ஆல்ஃபி ஷ்ரப் பல சுற்றுகள் முந்திச் சென்றும், லாங்போட் பொறுமை இழக்காது தொடர்ந்து ஓடி வெற்றி கண்டார். தொழில்முறை உலக முதல்வரானார்.

அவ்வாண்டே அவருடைய மேலாளர், சரக்கு விற்பதுபோல் அவரது ஒப்பந்தத்தை 2,000 டாலருக்கு வேறொருவருக்கு விற்றார். கடும்பயிற்சி, இலகுவான ஓட்டம், நெடுநடை, முழுஓய்வு என மாறிமாறிப் பழகுவதே லாங்போட் வகுத்துக்கொண்ட முறை. அதனை உணராத செய்தித்தாள்கள் அவரைச் சோம்பேறி எனத் தூற்றின. பழங்குடியினர்க்கு ஒழுங்கு வாராது என்றும் எழுதின. இன்றோ உலகெங்கும் பயிற்சியாளர்கள் ஓய்வைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்கின்றனர். லாங்போட் பின்னர்த் தம் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்துத் தாமே மீட்டார். தமக்குத் தாமே தலைவரான பின் 1912-இல் 15 மைல் ஓட்டத்தில் தொழில்முறைச் சாதனை படைத்தார். பிறர் கையில் இருந்தபோது குறை எனப்பட்டது, தம் கையில் வந்தபோது திறமாயிற்று.

முதல் உலகப் போரில் 1916-இல் படையில் சேர்ந்து, பிரான்சுப் போர்முனையில் செய்தி கொண்டு ஓடும் வீரராகப் பணியாற்றினார். திரும்பியபின் டொராண்டோவின் வீதித் துப்புரவுத் துறையில் பல்லாண்டுகள் உழைத்துக் குடும்பத்தைக் காத்தார். பெருவீரன் குப்பை வாரும் நிலைக்குத் தாழ்ந்தான் என்று பத்திரிகைகள் இரங்கி எழுதின. அவரோ அதனை இழிவெனக் கருதவில்லை. இங்கே நாம் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவர் தம் விருப்பத்தால் ஒரு வேலையை மேற்கொள்வது வேறு. கொங்கு நாட்டிலும் பிறவிடங்களிலும் நம் முன்னோர்மீது நிகழ்ந்ததுபோல், பிறப்பைக் காட்டி அவ்வேலையைச் சுமத்துவது வேறு. முன்னதில் மானம் உண்டு. பின்னதை ஒழிக்கவே கல்வி வேண்டும்.

1949 ஜனவரி 9 அன்று லாங்போட் பிறந்த மண்ணிலேயே மறைந்தார். அவர் பேண விழைந்த முன்னோர் முறைப்படியே இறுதிச் சடங்கு நடந்தது. 1951 முதல் கனடாவின் பழங்குடி விளையாட்டு வீரர்க்கு அவர் பெயரால் விருது வழங்கப்பட்டு வருகிறது. அவர் தப்பியோடிய பள்ளி 1970-இல் மூடப்பட்டது.

அவர் கல்விக்கென வாக்களித்த 500 டாலர் மட்டும் அவர் வாழ்நாளில் வந்து சேரவில்லை. 1980-இல்தான் அதற்கு ஈடாக அவர்தம் வாரிசுகளுக்குப் பணம் வழங்கப்பட்டது. விழா எடுப்பது எளிது; மாணவன் கையில் உரிய காலத்தில் உதவியைச் சேர்ப்பதே அரிது. வெள்ளி விழாக் கொண்டாடும் நாம், நம் பிள்ளைகளுக்குத் தரும் வாக்கை அவர்கள் படிக்கும் காலத்திலேயே நிறைவேற்றுவோமாக.