நகைச்சுவை நடிகரின் காதற் குரல்
ஜே. பி. சந்திரபாபு – வாழ்வும் இசையும்



உலகம் ஒரு மனிதனுக்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டால், பின்னர் அப்பெயருக்கு அப்பால் அவனைக் காண விரும்புவதில்லை. சிரிக்க வைப்பவன் என்று பெயர் பெற்றவன் அழுதாலும் நாம் சிரிக்கிறோம். அவன் காதலைப் பாடினாலும் அதில் ஏதோ கேலி இருக்கும் என்றே எண்ணுகிறோம். இந்தத் தளையை அறுத்துக்கொண்டு, இனிய காதற் பாடல்களைப் பாடி மக்களை வியப்பில் ஆழ்த்தியவர் சிலரே. அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சியில் 1960-களில் வெகுளிப் பாத்திரமாகத் தோன்றிச் சிரிப்பூட்டிய ஜிம் நேபர்ஸ் என்பவர், திடீரென்று ஆழ்ந்த குரலெடுத்துக் காதற் கீதங்களை இசைத்தபோது அந்நாட்டார் திகைத்தனர். அவருக்கும் முன்னரே நம் தமிழ்த் திரையில் அத்தகைய வியப்பை விளைத்தவர் சந்திரபாபு. அவருடைய வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தமேயாகும். ஏனெனில், அவரும் நம்மைப் போலவே பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்து, அயலிடத்தில் வளர்ந்தவர்.

முத்துக்குப் பெயர்போன தூத்துக்குடியில், 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கடலோடு வாழும் பரதவர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ். அந்நகரின் காவற் தெய்வமாகப் போற்றப்படும் பனிமய மாதாவின் அடியவன் என்பது அப்பெயரின் பொருள். குழந்தைப் பருவத்தில் கடுங்காய்ச்சல் கண்டு பிழைத்த மகனை, அன்னையின் அருளாலேயே மீண்டவன் என்று குடும்பத்தார் கருதினர். சந்திரபாபு என்பது பின்னர் வழங்கிய பெயர்.

தந்தையார் விடுதலை வேட்கை மிக்கவர். 'சுதந்திர வீரன்' என்னும் இதழை நடத்தினார். ஆங்கில ஆட்சியின் சினத்துக்கு ஆளாகிச் சிறையும் கண்டார். இதன் விளைவாகக் குடும்பம் இலங்கைக்குப் பெயர நேர்ந்தது. சிறுவன் சந்திரபாபு கொழும்பு மாநகரில் கல்வி பயின்றான். அந்நாளைய கொழும்பு, பல நாட்டுக் கப்பல்கள் வந்து தங்கும் துறைமுகம். மேனாட்டு இசைத்தட்டுகளும், நடனங்களும், ஆங்கிலப் படங்களும் அங்கே எளிதில் கிடைத்தன. வீட்டில் தமிழும், கோயிலில் கூட்டிசையும், தெருவில் மேனாட்டு மெட்டுகளும் அவன் செவியில் ஒருங்கே புகுந்தன. இடம்பெயர்ந்த குடும்பத்தின் துன்பம் பெற்றோருக்கு. ஆனால் அந்த இடப்பெயர்ச்சியே மகனுக்கு ஒரு செல்வத்தை அளித்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1943-ஆம் ஆண்டில் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தையார் 'தினமணி' நாளிதழில் பணியேற்றார். இளைஞராகிய சந்திரபாபுவோ படப்பிடிப்பு நிலையங்களின் வாயில்தோறும் அலைந்தார். 1947-இல் வெளிவந்த 'தன அமராவதி' என்னும் படத்தில் சிறு வேடம் கிடைத்தது. அதன் பின்னும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. ஒரு கட்டத்தில் மனமுடைந்து, ஜெமினி நிலையத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்தார். நல்லூழாகக் காப்பாற்றப்பட்டார். வழக்கும் நடந்து முடிந்தது. அவ்வளவு துயருக்குப் பின்னரே, அதே நிலையத்தின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் 1952-இல் அவருக்கு இடம் கிடைத்தது. பிறரைச் சிரிக்க வைத்தவரின் தொடக்கம் இத்தகைய கண்ணீரில் அமைந்தது.

அவருடைய பாட்டின் அருமையை உணர, அக்காலத் திரையிசையின் நிலையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். தியாகராஜ பாகவதரும், பி. யு. சின்னப்பாவும் கோலோச்சிய நாளில் நடிப்பவரே பாடவும் வேண்டும். பின்னணிப் பாடும் முறை பரவியபின் நடிப்பும் பாட்டும் இரு வேறு தொழில்களாயின. கதாநாயகருக்குக் குரல் கொடுக்க டி. எம். சௌந்தரராஜன், ஏ. எம். ராஜா, காக்கிநாடாவில் பிறந்து தமிழுலகை மகிழ்வித்த பி. பி. ஸ்ரீநிவாஸ் முதலியோர் இருந்தனர். காதற் பாடல் கதாநாயகனின் உரிமை. நகைச்சுவை நடிகனுக்கு வாய்ப்பது வேடிக்கைப் பாட்டு என்னும் பாகுபாடு எழுதாச் சட்டமாக நிலவியது. இச்சட்டத்தையே சந்திரபாபு மீறினார்.

1954-இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் 'பெண்' என்னும் படத்தை வெளியிட்டனர். இந்தியில் 'லட்கி' என்றும், தெலுங்கில் 'சங்கம்' என்றும் அதே கதை வெளிவந்தது. வைஜயந்திமாலா கதாநாயகி. அதில் முக்கிய வேடமேற்றவர் எஸ். பாலசந்தர், வீணையிசையில் மாமேதையாகப் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர். சந்திரபாபு பிறந்த அதே 1927-இல் பிறந்தவர். அத்தகைய இசைவாணர் திரையில் வாயசைக்க, அவருக்காகத் திருமணக் கனவைப் பாடிய குரல் சந்திரபாபுவுடையது! இளமைத் துடிப்பும் குறும்பும் நிறைந்த அப்பாடல் பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. பிறருக்காகக் குரல் கொடுத்தது அவருக்கு அரிதான நிகழ்ச்சி. தம் வேடங்களுக்குத் தாமே பாடுவதே அவர் வழக்கம்.

அவருடைய குரலில் அமைந்த புதுமை யாது? யோடலிங் என்று மேனாட்டார் வழங்கும் ஒரு முறையை அவர் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தார். ஆல்ப்ஸ் மலைவாழ் இடையர்கள் மலைக்கு மலை கூவியழைத்த வழக்கத்தில் தோன்றியது அம்முறை. மார்பிலிருந்து எழும் இயற்கைக் குரலைச் சட்டென்று உடைத்து, உச்சியில் ஒலிக்கும் மெல்லிய பொய்க் குரலுக்குத் தாவி, மீண்டும் கீழிறங்க வேண்டும். சிறிது தவறினும் கேட்போர் நகைப்பர். சந்திரபாபு அதனை மெட்டோடு இழைத்து, தமிழ்ச் சொற்களின் தெளிவு சிதையாமல் பாடினார். வடநாட்டில் இதே முறையைக் கையாண்ட கிஷோர் குமாரும் நடிகராக விளங்கிப் பாடகராகப் புகழுற்றவர். அவரே 'லட்கி' படத்தில் நடித்தவர் என்பது சுவையான ஒற்றுமை.

1957-இல் வெளிவந்த 'மணமகன் தேவை' படத்தில், ஜி. இராமநாதனின் இசையில், பெண்ணின் கண்ணழகைப் பாடும் துள்ளல் மெட்டு அவருக்கு வாய்த்தது. கருநாடக இசையில் ஆழ்ந்த இராமநாதனே மேனாட்டுத் தாளத்தில் அமைத்த அப்பாட்டு, இன்றும் இளைஞரை ஆடவைக்கும் ஆற்றல் உடையது. 1959-இல் 'மரகதம்' வெளிவந்தது. எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில் கே. ஜமுனாராணியுடன் அவர் பாடிய காதல் இருகுரற் பாடல், படத்தின் மற்றப் பாடல்களையெல்லாம் பின்தள்ளி நிலைத்துவிட்டது. சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த படத்தில், மக்கள் மனத்தில் தங்கியது நகைச்சுவை நடிகரின் காதற் பாட்டு! அதில் கேலி இல்லை. கொஞ்சலும் மென்மையும் இருந்தன. தம்மைக் கோமாளி என்று எண்ணியவர்களுக்கு அவர் சொற்போரால் விடை கூறவில்லை, இசையால் கூறினார்.

நடிப்பிலும் அவர் உச்சியை எட்டினார். 'சபாஷ் மீனா' (1958) படத்தில் இரட்டை வேடம் ஏற்றுக் கதாநாயகனுக்கு இணையாக நின்றார். 'சகோதரி' (1959) படத்துக்குச் சுவை போதவில்லை என்று கருதிய ஏ.வி.எம். செட்டியார், அவரை அழைத்துப் பால்காரன் பகுதியைச் சேர்க்கச் செய்தார், படம் வெற்றியுற்றது. கவிஞர் கண்ணதாசன் 'கவலை இல்லாத மனிதன்' (1960) என்னும் படத்தைத் தயாரித்து அவரைக் கதாநாயகனாக்கினார். அதில் விசுவநாதன்–இராமமூர்த்தி இசையில், பிறப்பிலும் இறப்பிலும் மனிதன் காணும் துயரை அவர் பாடிய பாடல் காலத்தை வென்றது. ஆனால் படமோ கவிஞருக்குப் பெருங் கவலையையே தந்தது. குறித்த நேரத்துக்கு வாராமை, மனம்போன போக்கு முதலிய குறைகள் சந்திரபாபுவிடம் இருந்தன. அவற்றை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

இல்வாழ்விலும் அவருக்கு இன்பம் கிட்டவில்லை. மணம் முடித்த மனைவி தம் உள்ளம் வேறொருவரை நாடியிருந்ததை வெளிப்படுத்தியபோது, அவரைக் கடிந்துகொள்ளாமல், அவர் விருப்பப்படியே வாழ வழிவிட்டார். காதலைப் பாடியவர், பாட்டோடு நில்லாமல், தம் நெஞ்சு புண்படவும் அதன் பெருமையைக் காத்தார் என்றே கூறவேண்டும்.

1965-ஆம் ஆண்டுப் போருக்குப் பின், தமிழ்த் திரைக் கலைஞர் குழுவொன்று வடநாடு சென்று போர்வீரரை மகிழ்வித்தது. குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் முன்னிலையில் சந்திரபாபு தம் துயரப் பாடலைப் பாடினார். தத்துவ மேதை மனமுவந்து பாராட்டவே, மகிழ்ச்சி தாளாத சந்திரபாபு குழந்தைபோல் ஓடிச்சென்று அவர் மடியிலேயே அமர்ந்துவிட்டார் என்பர். மரபு மீறிய செயலாயினும், பெரியவர் அதனைப் பிழையாகக் கொள்ளவில்லை.

1966-இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்னும் படத்தைத் தாமே இயக்கி நடித்தார். எம். ஜி. ஆரைக் கதாநாயகனாகக் கொண்டு அவர் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' முற்றுப்பெறாமல் நின்றது. கடன் பெருகிற்று. காரிலேயே மாடிக்கு ஏறிச் செல்லும்படி அவர் ஆசையோடு கட்டத் தொடங்கிய மாளிகையும் கைநழுவியது. மதுவும் மனத்துயரும் உடலைத் தின்றன. 1974 மார்ச்சு 8-ஆம் நாள், 46 வயதிலேயே அவர் மறைந்தார். இளமையில் அவர் பாட்டை ஏற்க மறுத்து, பின்னர் உயிர்த்தோழராகிவிட்ட மெல்லிசை மன்னர் விசுவநாதனின் இல்லத்தில், அவர் விருப்பப்படியே அவருடல் சில மணி நேரம் வைக்கப்பட்டது. சாந்தோம் தேவாலயத்தில் இறுதிச் சடங்குகள் நடைபெற்றன.

பாலாநகரில் வாழும் நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? தொழிற்கூடத்தின் சங்கொலிக்கு எழுந்து, கடைசல் பொறியின் முன் நிற்கவந்த தமிழர் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், வீதியில் தெலுங்கும் உருதுவும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கேட்டு வளர்கின்றனர். இதனால் தமிழ் கெட்டுவிடுமோ என்று நாம் அஞ்சுகிறோம். கொழும்பில் வளர்ந்த பனிமயதாஸ் அயலிசையைக் கேட்டான். ஆயினும் அவன் அயலானாகவில்லை. கேட்டதைத் தமிழாக்கித் தந்தான். வீட்டில் மொழி உயிரோடிருந்தால், வெளியிலிருந்து வருவது அதற்கு உரமேயாகும்.

மற்றொன்றும் உண்டு. நம்மிடையே கணக்கர் என்றும், பொறித் தொழிலாளி என்றும், சமையற்காரர் என்றும் நாம் அறிந்தவரிடம் வேறொரு குரல் ஒளிந்திருக்கலாம். ஆண்டு விழா மேடை அதற்காகவே அமைக்கப்படுகிறது. அவர் பாட எழும்போது நகைக்காமல் செவிகொடுப்போம். சந்திரபாபு வாழ்ந்த நாளில் அவருக்குப் போதிய அளவு கிடைக்காத அந்த ஒன்றை, நம்மில் ஒருவருக்கேனும் நாம் அளிக்கலாம் அன்றோ!