அலைகளை ஆராய்ந்த அறிஞர் சர் சி. வி. இராமன்

காவிரி பாயும் சோழவள நாடு நெற்களஞ்சியம் என்பதை உலகறியும். அங்கு விளைந்தது நெல் மட்டுமன்று. கலையும் அறிவும் அதனுடன் சேர்ந்தே செழித்தன. அம்மண்ணில் வேர்கொண்ட குடும்பத்தில் தோன்றி, அறிவியலுக்கான நோபல் பரிசை ஆசியாவிற்கே முதன்முதலில் பெற்றுத் தந்த பெருமகனார் சர் சந்திரசேகர வேங்கட இராமன் ஆவார். அவரது வரலாற்றைப் பாடநூல்களில் நாம் படித்திருக்கிறோம். ஆயினும், அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஒரு கேள்வி இன்றைய செயற்கைக்கோள் தொடர்பு வரை நீள்வதையும், அவரிடம் கல்வி கேட்டு ஒரு பெண் போராடியதையும் நாம் அறிந்திருத்தல் நன்று.

இராமனின் முன்னோர் தஞ்சை மாவட்டத்து மாங்குடிப் பக்கத்தில் வேளாண்மை செய்தவர்கள். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவானைக்காவலில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1888 நவம்பர் 7 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். அதே 1888 இல், பிராகு நகரில் ரைனிட்சர் என்னும் தாவரவியலார் ஒரு விந்தையைக் கண்டார். அவர் சூடேற்றிய பொருள் 145 பாகை அளவில் உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று. 178 பாகையைத் தாண்டிய பிறகே தெளிந்தது. இடைநிலையில் அது நீர்போல் ஓடியது; ஆனால் படிகத்தைப்போல் அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நின்றன. பின்னர் திரவப் படிகம் எனப் பெயர் பெற்ற அப்பொருளும் நம் இராமனும் ஒரே வயதினர் எனலாம்.

தந்தையார் 1892 இல் விசாகப்பட்டினத்தில் விரிவுரையாளரானார். அங்கே புனித அலோசியஸ் பள்ளியில் இராமன் கல்வி பயின்றார். பதினோராம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904 இல் பி.ஏ. பட்டத்தை முதன்மையாகப் பெற்றார். பதினெட்டு வயதில், 1906 இல், ஒளியைப் பற்றிய அவரது முதல் கட்டுரை இங்கிலாந்து இதழில் வெளிவந்தது. 1907 இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, அரசின் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். காலையிலும் மாலையிலும் அலுவலக நேரம் போக, பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமே அவருக்கு வீடாயிற்று.

கல்கத்தா அப்போது அலை ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கே ஜகதீச சந்திர போஸ், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை 1890களிலேயே உண்டாக்கிக் காட்டியிருந்தார். முறுக்கிய சணல் கற்றையினூடே செலுத்தி, அவ்வலைகளின் அதிர்வுத் திசையையே அவர் திருப்பினார். இராமனோ ஒலியலையையும் ஒளியலையையும் ஆராய்ந்தார். தஞ்சைக்குப் புகழ் சேர்த்த வீணையும் மிருதங்கமும் அவரது ஆய்வுக்கு உள்ளாயின. மிருதங்கத்தின் வலந்தலையில் சோற்றுப் பசையும் கல் பொடியும் கலந்து அப்பிய கரிய வட்டமே அதன் ஓசையை இன்னிசையாக்குகிறது என்று அவர் விளக்கினார்.

1917 இல், கூடுதல் ஊதியம் தந்த அரசுப் பணியைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1921 இல் கப்பற் பயணத்தில் கண்ட மத்தியதரைக் கடலின் நீலம், பொருளினூடே செல்லும் ஒளிக்கு என்ன நேர்கிறது என்ற ஆராய்ச்சியில் அவரை ஆழ்த்தியது. 1927 இல் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் ஓர் உண்மையை விளக்கினர். நீர்மத்தின் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஒரே தன்மை உடையன அல்ல. மின்புலத்தில் அவை சற்றே திரும்பி நிற்கும். அதனால் அதிர்வுத் திசைக்கேற்ப ஒளியின் வேகம் மாறும். அடுத்த ஆண்டு பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது.

1933 இல் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அவ்வாண்டே கமலா பாக்வத் என்ற இளம்பெண், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று அங்கு இடம் கேட்டு வந்தார். பெண் என்ற காரணத்தால் இராமன் மறுத்தார். கமலா பின்வாங்கவில்லை, அறப்போராட்டத்தில் இறங்கினார். இறுதியில் ஓராண்டுத் தகுதிகாண் பருவம் என்ற நிபந்தனையுடன் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவரது உழைப்பைக் கண்ட இராமன் தம் முடிவை மாற்றிக்கொண்டார். பெண்களுக்கு அங்கே வழி பிறந்தது. கமலா 1939 இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். 1940 இல் அன்னா மாணி இராமனின் ஆய்வுக்கூடத்திற்கு வந்து வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தார். பிற்காலத்தில் நாட்டின் வானிலைத் துறையில் உயர்பதவி வகித்தார். பெருமேதையின் முடிவும் பிழையாகலாம் என்பதையும், பொறுமையுடன் கூடிய உறுதி அதைத் திருத்தும் என்பதையும் நாம் இதனால் உணர்கிறோம்.

பெங்களூரில் இராமனும் நாகேந்திர நாத்தும் 1935, 1936 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வு மிக அழகியது. அதை நம் ஊர்க் காட்சியொன்றால் விளங்கிக்கொள்ளலாம். நடவு வயலில் பெண்கள் வரிசையாக நின்று நாற்று நட்டுப் பின்னோக்கி நகர்கிறார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் வரிசை நேராகச் செல்லும்; ஒரு கோடியில் உள்ளவர்கள் தாமதித்தால் வரிசை சாய்ந்து வேறு பக்கம் திரும்பும். அலைக்கும் இதுவே நியதி. செவிக்கு எட்டாத ஒலியை நீர்மத்தில் செலுத்தினால் அடர்ந்த அடுக்கும் தளர்ந்த அடுக்கும் மாறிமாறி உண்டாகும். அடர்ந்த இடத்தில் ஒளி தாமதிக்கும். தளர்ந்த இடத்தில் முந்தும். அவ்வாறு நெளிந்த ஒளியலை பல கற்றைகளாகப் பிரிந்து பக்கவாட்டிலும் செல்லும் என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர்.

1948 இல் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் பணியைத் தொடர்ந்த இராமன், 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார். அதன் தோட்டத்திலேயே அவரது உடல் எரியூட்டப்பட்டது. மறு ஆண்டே அங்கே திரவப் படிக ஆய்வுக்கூடம் தொடங்கியது. அதை நிறுவியவர் இராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். நோபல் பரிசு பெற்ற வானியலார் சந்திரசேகர் வேறு, இவர் வேறு. வட்டத்தகடு போன்ற மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று இவரது குழுவினர் 1977 இல் உலகிற்கு அறிவித்தனர். மில்லிமீட்டர் அலைகளை வாங்கும் 10.4 மீட்டர் தொலைநோக்கியும் பின்னர் அவ்வளாகத்தில் எழுந்தது.

இன்று பொறியாளர்கள் அவ்விரண்டையும் இணைக்கின்றனர். செயற்கைக்கோளை நோக்கி ஆன்டென்னாவைச் சுழற்ற மோட்டார் வேண்டியதில்லை. தட்டையான பலகையில் சிறு ஆன்டென்னாக்களை வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றிற்கும் அலை செல்லும் வழியில் திரவப் படிகப் படலத்தை வைக்கின்றனர். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் திரும்பும்; அலை தாமதிக்கும் அளவு மாறும். ஒன்றைவிட அடுத்தது சிறிது தாமதித்தால், நடவு வரிசைபோல் அலைக்கற்றை முழுவதும் திரும்பிவிடும். ஆனால் வழி நீண்டால் தாமதம் கூடினாலும் அலை வலுவிழக்கும். படலம் தடித்தால் இழப்பு குறைந்தாலும் மூலக்கூறுகள் திரும்ப நேரமாகும். இவற்றைச் சமன்செய்வதே வடிவமைப்பாளரின் திறன். இக்கருவியை இராமன் கண்டுபிடித்தார் என்று நாம் கூறவில்லை. இதன் அடிப்படை உண்மைகளை நமக்கு விளக்கியவர்களுள் அவரும் ஒருவர்.

ஒளியைப் படைத்த இறைவன், அதன் இயல்பை அறியும் ஆவலை ஆண் பெண் என்று பாராமல் அனைவர்க்கும் அளித்திருக்கிறார். கமலா போராடித் திறந்த வாயில் இன்று நமக்குத் திறந்தே இருக்கிறது. அதனுள் துணிந்து நுழைந்து, மீதமுள்ள கேள்விகளுக்கு விடை தேடுவோமாக!