கணிதப் பேரறிஞர் எஸ். எஸ். பிள்ளை

மேற்படிப்பை நாடும் மாணவர் பலரும் இந்நாளில் நுழைவுத் தேர்வு என்னும் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கின்றது. அத்தேர்வுகளில் அடுக்கெண்களும் வர்க்கமூலங்களும் இடம் பெறாமற் போவது அரிது. 2-இன் 6-ஆம் அடுக்கையும் 3-இன் 4-ஆம் அடுக்கையும் பெருக்கினால் வரும் எண்ணின் வர்க்கமூலம் யாது என வினவுவர். அடுக்குகளைப் பாதியாக்கினால் 8-உம் 9-உம் ஆகும். அவற்றைப் பெருக்க 72 என விடை வரும். 2-இன் 30-ஆம் அடுக்குப் பெரிதோ, 3-இன் 20-ஆம் அடுக்குப் பெரிதோ எனவும் வினவுவர். முன்னது 8-இன் 10-ஆம் அடுக்கு. பின்னது 9-இன் 10-ஆம் அடுக்கு. ஆகவே பின்னதே பெரிது. இவ்வாறு அரை நிமிடத்தில் விடை குறித்து, நாம் அடுத்த வினாவிற்கு விரைந்து விடுகின்றோம். அங்ஙனம் விரையாது, அடுக்கெண்களின் இயல்பை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் ஒருவர், நம் கடலூருக்கு அணித்தாகிய சிதம்பரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்தாம் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

பிள்ளையவர்கள் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், செங்கோட்டையை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஓராண்டு நிரம்பிய அளவிலேயே அன்னையை இழந்தார். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் தந்தையாரும் மறைந்தார். படிப்பு அத்துடன் நின்றிருத்தல் வேண்டும். ஆயினும், அவர்தம் அறிவுக் கூர்மையை நன்குணர்ந்திருந்த பள்ளியாசிரியர் ஒருவர், தம் சம்பளத்திலிருந்தே பொருளுதவி புரிந்து, அவரைக் காத்தருளினார். பின்னர் உதவிச் சம்பளம் பெற்று நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பிலும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி. ஏ. வகுப்பிலும் பயின்றார். தாயுந் தந்தையும் அற்ற ஏழை மாணவனுக்கு மிஷன் கல்லூரியொன்று இடந்தந்தது என்பது, அத்தகைய கல்லூரியிற் பயிலும் நமக்கு மகிழ்ச்சி தருஞ் செய்தியன்றோ?

1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து, ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய பேராசிரியர்களின் துணைபெற்றார். 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே பிள்ளையவர்கள் அங்கு விரிவுரையாளராக அமர்ந்தார். அவர்க்கு உலகப் புகழ் ஈட்டித் தந்த ஆராய்ச்சி அங்கேதான் நிகழ்ந்தது.

அவ்வாராய்ச்சி யாது? 1770-ஆம் ஆண்டில் வேரிங் என்னும் ஆங்கிலக் கணிதர் ஒரு கருத்தை வெளியிட்டார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டலாகவோ எழுதலாம் என்றும், உயர்ந்த ஒவ்வோர் அடுக்கிற்கும் இங்ஙனமே ஓர் அளவு உண்டு என்றும் அவர் கருதினார். 7 என்னும் எண்ணை நோக்குவோம். அது 4, 1, 1, 1 என்னும் நான்கு வர்க்கங்களின் கூட்டல்; மூன்று வர்க்கங்கள் போதா. 23 என்பது இரண்டு எட்டுக்களும் ஏழு ஒன்றுகளும் சேர்ந்தது. ஒன்பது கனங்கள் இன்றி அஃது அமையாது. நான்கு வர்க்கங்கள் எல்லா எண்களுக்கும் போதும் என்பதை 1770-லேயே லக்ராஞ்சு நிறுவினார். உயர்ந்த அடுக்குகளின் அளவோ நெடுங்காலம் விளங்கவில்லை.

1936-இல் பிள்ளையவர்கள் 7-ஆம் அடுக்கிலிருந்து தொடங்கும் உயர்ந்த அடுக்குகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும் விடையைக் கண்டார். அமெரிக்கப் பேராசிரியர் டிக்சனும் அக்காலத்திலேயே தனித்து நின்று அம்முடிவை எய்தினார். எஞ்சிய 6-ஆம் அடுக்கைப் பிள்ளையவர்கள் கைவிடவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1940-இல், அதன் அளவு 73 என நிறுவினார். 73 வேண்டும் என்பதை நாமும் எளிதில் அறியலாம். 2-இன் 6-ஆம் அடுக்கு 64; 3-இன் 6-ஆம் அடுக்கு 729. ஆதலின் 703 என்னும் எண்ணுக்கு 64-ஐயும் 1-ஐயும் அன்றி வேறு துணையில்லை. பத்து அறுபத்துநான்குகள் 640; எஞ்சிய 63-க்கு அறுபத்துமூன்று ஒன்றுகள்; ஆக 73. ஆனால், எத்துணைப் பெரிய எண்ணாயினும் 73 போதும் என மெய்ப்பிப்பதே மலையைப் பிளக்கும் செயல். 5-ஆம் அடுக்கின் அளவு 37 என்பதைச் சீன அறிஞர் சென் 1964-லும், 4-ஆம் அடுக்கின் அளவு 19 என்பதைத் தமிழ்நாட்டுக் கணிதர் பாலசுப்பிரமணியன் பிரெஞ்சு அறிஞர் இருவருடன் 1986-லுமே கண்டனர் என்பதை நோக்க, அவ்வருமை இனிது புலனாம்.

மேலே கண்ட 8-ஐயும் 9-ஐயும் மீண்டும் நோக்குவோம். ஒன்று 2-இன் கனம். மற்றொன்று 3-இன் வர்க்கம். ஒன்றை விடப் பெரியனவாய், அடுத்தடுத்து நிற்கும் அடுக்கெண்கள் இவையிரண்டே என்று 1844-இல் கட்டலான் கருதினார். அது மெய்யென்பது 2002-இல் நிறுவப்பட்டது. பிள்ளையவர்களின் நோக்கு இன்னும் விரிந்தது. எந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டாலும், அவ்வேறுபாடுடைய அடுக்கெண் இணைகள் எண்ணி முடியக்கூடியனவே என அவர் ஊகித்தார். அவர் பெயரால் வழங்கும் அவ்வூகம் இன்றளவும் நிறுவப்படாதிருக்கின்றது.

1941-இல் சிதம்பரத்தை விட்டுத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கும், ஓராண்டு கழித்துக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் சென்று பணியாற்றினார். 1950-இல் அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டன் உயராய்வு நிலையம் ஓராண்டுக் காலம் தங்கி ஆராய அவரை அழைத்தது. ஹார்வர்டில் நிகழ்ந்த அகில உலகக் கணிதப் பேரவைக்கும் அவர் பிரதிநிதியாகப் புறப்பட்டார். அந்தோ! ஆகஸ்டு 31-ஆம் நாள், கெய்ரோவை விட்டெழுந்த விமானம் வீழ்ந்து நொறுங்க, அதிலிருந்த ஐம்பத்தைவரும் மாண்டனர். அவருள் பிள்ளையவர்களும் ஒருவர். அப்பொழுது அவர்க்கு வயது நாற்பத்தொன்பதே.

மாணவ நண்பர்காள்! தேர்வுக்கு விரைவு வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் விரைவு வாயிலைத் திறக்குமேயன்றி, உள்ளே நெடுந்தொலை அழைத்துச் செல்லாது. பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவன், ஓர் ஆசிரியரின் ஈகையால் கற்று, ஒரே வினாவின் முன் ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருந்து, உலகம் அறியாத விடையை உலகிற்குத் தந்தான். அடுத்த முறை 8-உம் 9-உம் நம் தேர்வுத்தாளில் தோன்றுங்கால், விடையைக் குறித்து விடுவோம். தேர்வு முடிந்த பின்னர், அவ்வெண்களிடம் மீண்டுஞ் சென்று சிறிது நேரம் அமர்ந்திருப்போம். நாம் அப்பெரியார்க்குச் செய்யத்தக்க வணக்கம் அதுவேயாம்.