ஐயுறவின் காலத்தில் காயிதே மில்லத்

மீஞ்சூரிலிருந்து எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் அனல் மின் நிலையத்திற்கும் பணிக்குச் செல்லும் பிள்ளைகளைப் பெற்றோரே! எல்லையில் குண்டு வெடித்த செய்தி வரும் நாளில், நம் பெயரைக் கேட்டதும் பிறர் என்ன நினைப்பரோ என்னும் கலக்கம் உங்கள் உள்ளத்தில் எழுவதுண்டு. அக்கலக்கம் இன்று பிறந்ததன்று. அதன் நடுவே இருபத்தைந்து ஆண்டுகள் நிமிர்ந்து நடந்த பெருமகனார், கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள்.

1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அவர்கள், ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கல்லூரிப் படிப்பைத் துறந்தார்கள். பின்னர்ச் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். 1946இல் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார்கள்.

மறு ஆண்டு நாடு பிளவுண்டது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய முஸ்லிம் லீக் கவுன்சில், கட்சியை இரண்டாகப் பிரித்தது. அந்நாட்டிலேயே தங்கிவிட்டோர் பலர். இஸ்மாயீல் சாஹிபோ இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராகப் பொறுப்பேற்றுச் சென்னை திரும்பினார்கள். லீக் என்ற பெயரே பிரிவினையின் பழியைச் சுமந்திருந்த நேரம் அது. கட்சியைக் கலைத்துவிடுவதே நலம் எனக் கருதியோர் நம்மவரிலேயே இருந்தனர். எனினும் 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் அரங்கில் கூடியோர், தொடர்வதென்றே முடிவு செய்தனர். அதே ஆண்டு ஐதராபாத் விவகாரம் முற்றியது, ஐயமும் தடித்தது.

அரசியல் நிர்ணய சபையில் அவர்கள் பேச எழுந்தது இச்சூழலில்தான் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. தனித்தொகுதி கேட்போருக்கு இந்நாட்டில் இடமில்லை என்னும் கருத்துப்பட சர்தார் படேல் 1947லேயே கடிந்திருந்தார். இருந்தும் 1948 நவம்பர் 23இல், தனக்கெனத் தனியார் சட்டமுள்ள எந்தச் சமூகமும் அதனைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்று அவர்கள் திருத்தம் கொணர்ந்தார்கள். 1949 மே மாதம் தனித்தொகுதியையும் வேண்டினார்கள். இரண்டும் ஏற்கப்படவில்லை. தனித்தொகுதியைப் பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே எதிர்த்தனர். அக்கோரிக்கை அன்றைய நிலையில் நமக்குப் பயன் தந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும், கேட்பதே துரோகம் என்றிருந்த வேளையில், சபை நடுவே, சட்ட முறைப்படி, குரல் உயர்த்தாது கேட்டார்களே, அதுவன்றோ குடிமகனின் உரிமை! நாட்டைத் தமதென எண்ணாதவர் அதன் சட்டத்தைத் திருத்த முயல்வாரா?

1962இல் சீனப் படையெடுப்பின்போது, தம் ஒரே மகனைப் படைக்கு அனுப்ப இசைந்து பிரதமர் நேருவுக்கு எழுதினார்கள் என்பர் அவர்தம் வரலாறு வரைந்தோர். ஐயுற்றோருக்கு விடையாக மட்டுமே இதனைச் சொல்லி வருகிறோம். மகனை ஈந்து மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் பிற தந்தையருக்கு இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அதே ஆண்டும், 1967, 1971 ஆகிய ஆண்டுகளிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் இத்தமிழரை மக்களவைக்கு அனுப்பினர். குரோம்பேட்டையில் எளிய வாழ்வு வாழ்ந்த அவர்கள் 1972 ஏப்ரல் 5ஆம் நாள் இறையழைப்பை ஏற்றார்கள். அடக்கவிடம் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் உள்ளது. மீஞ்சூரிலிருந்து மின்தொடர் வண்டியில் சென்ட்ரல் வந்து இறங்குவோர், அங்கு ஜும்ஆ தொழுது, ஸியாரத்தும் செய்து, மாலைக்குள் இல்லம் திரும்பலாம்.