வயித்து வலிக்காகக் கிளம்பியவர்



மைசூர் அரண்மனை சமையற்கட்டில் வேலை பார்த்தவர் அர்த்தநாரி. 1870-ல் பிறந்தவர். படிப்பு கிடையாது. தீராத வயிற்று வலி வேற. ஊருக்கே சமைச்சுப் போடுற மனுஷனுக்குத் தன் சோறு செரிக்கலைன்னா எவ்வளவு கொடுமை!

1908-ல் பழனிக்கு வந்தார். வலி தீரணும், அவ்வளவுதான் வேண்டுதல். ஆண்டவன் அபிஷேகத் தீர்த்தத்தில் வலி தீர்ந்தது. திரும்பிப் போயிருக்கலாம், போகலை. அங்கே ஒரு நடனமாது திருப்புகழைப் பாடி ஆடியதைக் கேட்டு உருகிப்போனார். நாற்பதை நெருங்கும் வயசில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

அடுத்து திருவண்ணாமலை. மலைமேல் ரமணரை அண்டி இருந்தார். இனி இங்கேதான் என்று இருந்தவரை ஒருநாள் ரமணர் கீழே இறங்கிப் போகச் சொல்லிட்டார். காரணம் சொல்லலை. குருன்னு நம்பினவரே போகச் சொன்னா மனசு என்ன பாடு பட்டிருக்கும்? யோசிச்சுப் பாருங்க. ஆனாலும் மறு பேச்சில்லாமல் இறங்கினார். அடிவாரத்தில் சேஷாத்ரி சுவாமிகள் எதிர்ப்பட்டார். திருப்புகழே உனக்கு மந்திரம், வேறெதுவும் தேட வேண்டாம், வள்ளிமலைக்குப் போ என்று வழிகாட்டினார்.

பழனியிலேயே கைக்குக் கிடைத்ததுதான் அது! தன்னுடைய வழி அதுதான்னு தெரிய இன்னொரு மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

அவர்தான் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1950-ல் சமாதி அடையும்வரை ஊர் ஊராப் போய் திருப்புகழைப் பரப்பினார். டிசம்பர் 31 ராத்திரி திருத்தணியில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுகிறோமே, 1917-ல் அதைத் தொடங்கி வெச்சவரும் அவரே.