அம்ப்ருவாஸ் பாரே என்னும் இரண வைத்தியர்

பிரெஞ்சு தேசத்தில் லவால் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றிலே, ஏறக்குறைய 1510ஆம் ஆண்டில், அம்ப்ருவாஸ் பாரே பிறந்தார். எளிய குடியிற் பிறந்த இவர் லத்தீன் பாஷை கற்றிலர். அந்நாளில் லத்தீன் கற்றோரே வைத்தியர் என மதிக்கப்பெற்றனர். புண்ணைக் கழுவிக் கட்டுதலும் ஒடிந்த எலும்பைப் பொருத்துதலும் நாவிதர் தொழிலெனத் தாழ்வாக எண்ணப்பட்டன. பாரே அத்தொழிலையே விரும்பி மேற்கொண்டு, பாரிஸ் நகரத்துப் பெரிய தரும வைத்தியசாலையிற் பயின்றார்.

பின்னர், 1537ஆம் ஆண்டளவில், இத்தாலியின் தூரின் நகர்மேற் சென்ற சேனையுடன் இரண வைத்தியராகப் போயினார். துப்பாக்கிக் குண்டுபட்ட புண்ணில் விஷம் ஏறுமென்றும், கொதிக்கும் எண்ணெயை அதில் ஊற்ற வேண்டுமென்றும் அக்கால நூல்கள் விதித்திருந்தன. ஒருநாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி, முட்டையின் மஞ்சட்கரு, ரோஜாத் தைலம், கற்பூரத் தைலம் ஆகியவற்றைக் குழைத்து, எஞ்சிய வீரர்க்கு இட்டார். தம் செயலால் அவர்கள் மாண்டு போவரோ என்னும் அச்சத்தால் அன்றிரவு அவர் கண்ணுறங்கவில்லை. விடியுமுன் எழுந்து சென்று பார்த்தபோது, தைலம் இடப்பட்டவர் வீக்கமும் மிகுந்த நோவும் இன்றி இளைப்பாறியிருந்தனர். எண்ணெய் ஊற்றப்பட்டவரோ சுரத்தாலும் வேதனையாலும் துடித்தனர். நூலினும் கண்கண்ட உண்மையே பெரிதென்று துணிந்த பாரே, அக்கொடிய முறையை அன்றே கைவிட்டார்.

சிறியோர் சொல்லையும் அவர் இகழ்ந்திலர். கொதிக்கும் எண்ணெயில் விழுந்த சமையற்காரச் சிறுவன் ஒருவனுக்கு, நாட்டுப்புறக் கிழவி ஒருத்தி சொன்னபடி, நறுக்கிய வெங்காயத்தை உப்புடன் சேர்த்து உடலின் ஒரு பகுதியில் மாத்திரம் இட்டு, மற்றப் பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வெங்காயம் இட்ட இடம் கொப்புளிக்கவில்லை. இக்காலத்து வைத்தியர் தீப்புண்ணுக்கு வெங்காயத்தை விலக்கிக் குளிர்ந்த நீரையே நெடுநேரம் ஊற்றச் சொல்வர். எனினும் ஒப்பிட்டு உண்மை காணும் அவர் முறை இன்றும் மாறவில்லை.

காலையோ கையையோ அறுத்தபின் காய்ச்சிய இரும்பாற் சுட்டு இரத்தத்தை நிறுத்துவது அந்நாள் வழக்கம். பாரே 1552ஆம் ஆண்டு முதல் இரத்தக் குழாயை நூலாற் கட்டும் முறையைக் கையாண்டார். காலிழந்தோர் நடக்கச் செயற்கைக் கால்களையும் வகுத்தார்.

1561ஆம் ஆண்டில் அவருக்கே சோதனை வந்தது. குதிரை உதைத்ததனால் ஒரு காலின் இரண்டு எலும்புகளும் ஒடிந்து தோலைக் கிழித்தன. அத்தகைய காலைப் பெரும்பாலும் வெட்டியெறிந்துவிடும் காலம் அது. பாரேயோ தம்மிடம் இரக்கங் காட்டாது எலும்பைப் பொருத்துமாறு உடனிருந்த வைத்தியரை வேண்டினார். சுரமும் சீழும் வருத்தியும், காலை இழவாமல் எழுந்து நடந்தார். பிறர் நோவைத் தம் உடலிலும் அறிந்தவர் ஆனார்.

மன்னர் நால்வர்க்கு வைத்தியராயிருந்தும், தம் நூல்களை மக்கள் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார். அது தகாதென்று 1575ஆம் ஆண்டில் பாரிஸ் வைத்திய சங்கத்தார் எதிர்த்தும் அவர் தளர்ந்திலர். குணமளிப்பவர் கடவுளே என்று தம்மைத் தாழ்த்திக்கொண்ட அப்பெரியார் 1590ஆம் ஆண்டில் உயிர் நீத்தார்.

மாணவ நண்பர்காள்! ஏட்டில் உள்ளதென்பதற்காகப் பிறரைச் சுடாமலும், எளியோர் சொன்னதென்பதற்காக நன்மையைத் தள்ளாமலும் வாழ்ந்த இவர் சரித்திரம், எத்தொழிலை மேற்கொள்வோர்க்கும் ஏற்ற வழிகாட்டியாம்.